விற்கவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்டவர்

அவர் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதும் இல்லை. கேள்விதான் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகத் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருப்பார். அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்து, நம்மையும் ஒரு ஆளாக மதித்து யோசனை கேட்கிறாரே என்று ஏமாந்து வாயைத் திறந்தவர்கள் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே நிறையப் பேர் உண்டு.

பந்தல்குடியில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்தார். தூத்துக்குடி போகிற லாரிகள் அவர் கடை வாசலில்தான் நிற்கும். மூட்டை தூக்குகிறவர், "உள்ள அடுக்கவா, வெளிய அடுக்கவா மொதலாளி?" என்பார். "நீயே சொல்லேன். சொமக்கிறவன் நீ" என்பார் இவர். உள்ளே அடுக்கினால், "ஏன்யா, வத்தலுக்குக் காத்து வேணாமா? மழையா கொட்டுது பந்தல்குடியில?" வெளியே அடுக்கியிருந்தால், "ராத்திரி களவு போச்சுன்னா ஒங்கப்பன் வந்து தருவாரா?" குரல் உயராது. அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். சொன்னது அந்த ஆள்தானே, மொதலாளியா சொன்னார்?

எனக்கு அவரைத் தெரிந்தது ஒரு துப்பாக்கியால். அறுபதுகளின் நடுவில் அவருடைய தகப்பனார் காலமானார். அவர் பெயரில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. நான் அப்போது அருப்புக்கோட்டைத் தாலுகா ஆபீசில் கிளார்க். துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகள் எங்கள் பிரிவில் இருந்தன. நடைமுறை சிக்கலானதல்ல. லைசென்ஸ்காரர் இறந்தால் லைசென்ஸும் அவரோடு இறந்துவிடும். துப்பாக்கி இறப்பதில்லை. வாரிசுகள் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பிறகு, வாரிசுகளில் ஒருவர் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அல்லது லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். மூன்றாவது வழி கிடையாது. எதுவென்று யோசிக்க அரசாங்கம் அவகாசம் கொடுக்கும். கேட்டால் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். ஒரு மனிதன் அந்த அவகாசத்தையே பிழைப்பாக வைத்துக்கொள்வான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

சாதாரணத் துப்பாக்கியாக இருந்தால் நானும் இதை எழுத மாட்டேன். பரளச்சிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் அவர்களுடைய குலசாமிக் கோயில் இருக்கிறது. பங்குனிப் பொங்கலன்று கிடா வெட்டுவதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு போட வேண்டும். சுட்டவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். பங்காளிகள் அத்தனை பேருக்கும் முன்னால் அவருக்குத்தான் முதல் திருநீறு. தகப்பனார் இருந்தவரை அது அவருக்கு. கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நடுங்கியது. இளைய மகன் துப்பாக்கியைப் பிடித்துச் சுடுவான், தகப்பனார் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்பார். சட்டப்படி அது தப்பு. அன்றைக்கு யாரும் சட்டப்படி அங்கே நிற்கவில்லை.

மூத்த மகனான நம் மண்டிக்காரருக்குச் சுடத் தெரியாது. தெரியாது என்பது மரியாதையான சொல். வேட்டுச் சத்தமே அவருக்கு ஆகாது. தீபாவளியன்று கடையின் பின்கட்டில் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று கடைப் பையன்கள் சிரிப்பார்கள், அவர் இல்லாதபோது.

ஆக விஷயம் இதுதான். துப்பாக்கியை விற்றால், தகப்பனார் தலையில் இருந்த பரிவட்டம் குடும்பத்தை விட்டுப் போய்விடும். வைத்துக்கொண்டால், சுடத் தெரிந்த தம்பியின் தலைக்குப் போய்விடும். இரண்டும் அவருக்குப் பொறுக்காது. அதனால் ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்தார்.

முதலில் மாட்டியது எங்கள் ஹெட் கிளார்க். நல்ல மனிதர், வெகுளி. "அய்யா, ஒரு யோசனை. துப்பாக்கியை விக்கவா, வச்சுக்கிடவா? படிச்சவுக, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு இவர் தலையைச் சாய்த்தார். ஹெட் கிளார்க் உருகிப்போய், "வித்துத் தலையை முழுகுங்க. வீட்ல எதுக்கு அது?" என்றார். மறுநாள் இவர் தாசில்தார் அறையில் உட்கார்ந்திருந்தார். "ஒங்க ஹெட் கிளார்க் விக்கச் சொல்றாக. ஆளு யாரும் கைவசம் வச்சிருக்காகளோ என்னவோ. எனக்கு என்னங்க தெரியும்?" ஹெட் கிளார்க்கின் இடத்திலிருந்து அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது அப்படித்தான்.

அடுத்து, அவருடைய மனைவி. அந்த அம்மாளை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு வாரிசுச் சான்றுக்காக அவர்கள் வீட்டுக்குப் போனபோது. கையில் மோர்ச் செம்போடு நின்றார். இவர் என் முன்னாலேயே, "நீ சொல்லுத்தா. வீட்டுக்குக் கொண்டாரவா, வித்துரவா?" என்று கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்கு வேணாங்க" என்றார்.

"ஏன்?"

"பயமா இருக்குங்க."

இவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "கேட்டீங்களா சார்? புருசன் கையில துப்பாக்கி இருந்தா பொம்பளைக்குப் பயமாம். எந்தப் பொம்பளைக்கு சார் அப்படிப் பயம் வரும்? நீங்க நாலும் தெரிஞ்சவுக."

அந்த அம்மாள் மோரை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் மோரைக் குடித்தேன். வேறு என்ன செய்வது? சான்றுக்குச் சாட்சியாக அந்த அம்மாளின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. கதவிடுக்கு வழியாகக் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கை மட்டும்தான் தெரிந்தது.

வீரசோழனில் ஒரு பாய் இருந்தார். தோல் வியாபாரம், முறையான லைசென்ஸ். துப்பாக்கிகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். விலைக்குக் கேட்டு வந்தார். இவர் அவரைக் கடையில் உட்காரவைத்து, "வெல நீங்களே சொல்லுங்க பாய்" என்றார். பாய் நியாயமான விலைதான் சொன்னார். "எங்கய்யாவோட மதிப்பு அம்புட்டுத்தானா?" என்று இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் பதறிப்போய் விலையை ஏற்றினார். "இம்புட்டுக் குடுக்கிறீகன்னா என்னமோ விசயம் இருக்கு. யாரைச் சுடப் போறீக?" என்றார் இவர். இப்படியே பல நடை. ஒவ்வொரு தடவையும் இவரேதான் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். பஸ்ஸில் வந்து இறங்குகிற பாயை, "இன்னைக்கு மனசு சரியில்ல" என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்.

கடைசித் தடவை நான் அங்கே இருந்தேன். பாய் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மொதலாளி, நீங்க துப்பாக்கி விக்கல. கேள்வி விக்கிறீக. எங்க ஊர்ல அதுக்கு யாவாரம் இல்ல." கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு, பாய் கள்ளத் தோட்டா வாங்கி விற்பதாக ஸ்டேஷனுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. யார் எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. பாயின் வீட்டைக் குடைந்து பார்த்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்கள் என்பது மட்டும் தெரியும்.

இத்தனை வருஷமும் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடந்தது. கோயிலில் ஓலைவெடி போட்டுச் சமாளித்தார்கள். பரிவட்டத்தைச் சாமி பாதத்தில் வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். பரளச்சிப் பக்கம் குடும்பத்து மானாவாரி நிலத்தைத் தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பு, குதிரைவாலி, மழை ஏமாற்றாவிட்டால் கொஞ்சம் பருத்தி. அண்ணனை நேருக்கு நேர் பார்த்துப் பேச மாட்டான். அந்தத் துப்பாக்கியைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. அருப்புக்கோட்டைக்கு எப்போது வந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய், எண்ணெய் போட்டுத் துடைத்துவைக்கட்டுமா என்று ஏட்டிடம் கேட்பான். ஏட்டு அனுமதிப்பார். அனுமதிக்கக் கூடாது, அனுமதித்தார்.

எழுபதுகள் பிறந்தன. இனிமேலும் முடிவு சொல்லாவிட்டால் துப்பாக்கி அரசாங்கத்துக்குச் சேரும் என்று மேலிடத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அப்போது ராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் மதுரையில். ஒரு ஜில்லாவை இன்னொரு ஜில்லாவில் உட்கார்ந்து ஆண்ட காலம். நோட்டீஸை எடுத்துக்கொண்டு இவர் என்னிடம் வந்தார். "சார், நீங்களே சொல்லுங்க." நான் ஹெட் கிளார்க்கைப் பார்த்துப் பாடம் படித்தவன். நோட்டீஸை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

லைசென்ஸுக்கு மனுப் போட்டார். தம்பி ஆட்சேபணை இல்லை என்று மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். லைசென்ஸ் வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து இவர் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப்போகிற மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார்.

அந்த வருஷப் பொங்கலுக்கு எங்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். கிடாக் கறிக்கு அழைத்தால் தாலுகா ஆபீஸ் போகாமல் இருக்காது. காலை வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சள் துணியில் சுற்றிய துப்பாக்கியோடு இவர் சாமி முன்னால் நின்றார். பக்கத்தில் தம்பி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. அவனுடைய விரல்கள் சும்மா இருக்கவில்லை.

"ஏன் தம்பி," என்றார் இவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் சுடட்டா, நீ சுடுறியா? நீயே சொல்லு."

தம்பிக்கு முகம் வெளுத்தது. "நீங்க இருக்கையில நான் என்னண்ணே சொல்ல? நீங்களே சுடுங்க."

"கேட்டுக்கிட்டீகளா?" என்று பங்காளிகள் பக்கம் திரும்பினார். "தம்பி வேணாங்கிறான். வேணாங்கிறவன் கையில நான் திணிக்க முடியுமா?" மஞ்சள் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றித் துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூசாரி முன்னால் தலையைக் குனிந்தார். பூசாரி முழித்தார். பிறகு கட்டினார். சாமிக்கு அந்த வருஷம் ஓலைவெடிகூட இல்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு வயசாளி, "சாமிக்குக் காது செவிடுன்னு இவுகளே முடிவு பண்ணிட்டாக போல" என்று முணுமுணுத்தார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அந்தச் சீமையில் மழை பெய்தால்தான் செய்தி. ஆனாலும் ஜனங்களுக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? வேட்டுப் போடாததால் சாமிக்குக் கோபம் என்றார்கள். வேட்டுப் போடாதது யார்? அண்ணன் கேட்டாரே, எல்லோரும் பார்க்கக் கேட்டாரே, வேண்டாம் என்றது யார்? கம்பு கருகக் கருக அந்தப் பேச்சு வளர்ந்தது. தம்பி மனைவி தண்ணீருக்குப் போனால், "ஒம் புருசன் சுட்டிருந்தா இந்தக் கெணறு இப்படிக் கெடக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கொடுப்பார்களாம். மண்டியில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் பெருமூச்சு விடுவார். "சின்னப் பய. அவனை ஒண்ணும் சொல்லாதீக."

அடுத்த பங்குனிக்கு முன்னால் தம்பி என் ஆபீசுக்கு வந்தான். லைசென்ஸில் ஒரு கட்டம் உண்டு. லைசென்ஸ்காரர் மனுப் போட்டால், அவருக்காகத் துப்பாக்கியைக் கையாளுகிற இன்னொருவர் பெயரை அதில் ஏற்றலாம். ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்தால் அவன் தொட்டது குற்றமாகாது. லைசென்ஸ் வந்த அன்றே அண்ணனிடம் இதைச் சொல்லியிருந்தேன். "ஏத்தவா, வேணாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். மனுப் போட்டால் ஏற்றுவோம் என்றேன். மனு வரவில்லை. தம்பியிடமும் அதையே சொன்னேன். "ஒங்க அண்ணன் கையெழுத்து வேணும்ப்பா. அது இல்லாம நீ அதைத் தொடாதே."

அவன் சிரித்தான். "அது எதுக்கு சார்? சாமி முன்னால வச்சு ரெண்டு கையாலயும் குடுத்தாகன்னா, அதுக்கு மேல என்ன எழுத்து வேணும்?"

"சட்டத்துக்கு ஒங்க சாமியைத் தெரியாதுப்பா."

"எங்க அண்ணனுக்குத் தெரியும்ல சார்."

அந்தப் பொங்கலுக்கு என்னால் போக முடியவில்லை, தாசில்தார் லீவு தரவில்லை. நடந்ததைக் கர்ணம் வந்து சொன்னார். அதே இடம், அதே மஞ்சள் துணி, அதே கேள்வி. இந்தத் தடவை தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்து, "குடுங்கண்ணே. நான் சுடுறேன்" என்றான். கூட்டம் நெருங்கி வந்தது. இவர் துணியைப் பிரித்து, இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். தம்பி குனிந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு குழலையும் வானத்தைப் பார்த்து வெடித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி யாரையும் கேட்காமல் பரிவட்டத்தை அவன் தலையில் கட்டினார். கோயில் சுவருக்குப் பின்னாலிருந்து இவர் வெளியே வந்து, காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "நல்லாச் சுட்டான்ல?" என்றார். நன்றாகச் சாப்பிட்டார். கறிக்கு உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் ஆபீஸ் திறக்கும்போது அவர் வாசலில் நின்றார்.

"சார், லைசென்ஸ் இல்லாதவன் சுட்டா குத்தம்தான? புகார் குடுக்கவா, விட்ரவா?"

"லைசென்ஸ் இல்லாதவன் கையில கொடுக்கிறதும் குற்றம். கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு" என்றேன்.

தலையைச் சாய்த்து யோசித்தார். "நான் எங்க சார் குடுத்தேன்? அவன்ல வாங்குனான்." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "வாங்கக்கூட இல்ல சார். எடுத்துக்கிட்டான்." படியில் இறங்கும்போது திரும்பி, "பறிச்சுட்டான் சார்" என்றார். ஸ்டேஷனில் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் எழுதிக்கொடுத்தார்.

தம்பிக்கு லைசென்ஸ் கிடையாது என்பதற்கான ரிஜிஸ்டரோடு என்னையும் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், கெட்டிக்காரர். பங்காளிகளை ஒவ்வொருவராக விசாரித்து முடித்திருந்தார். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும், சாமி கும்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்களாம். "இவ்வளவு பக்தியான ஊரை நான் எங்கயும் பாத்ததில்ல சார்" என்றார் என்னிடம்.

தம்பி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். பரிவட்டம் கட்டிய தடம் இன்னும் நெற்றியில் இருந்தது. அவன் முன்னால் ஓட்டலில் வாங்கிய இலைப் பொட்டலம் ஒன்று, பிரிக்காமல். அண்ணன் வாங்கிவந்தது. "காலையில இருந்து பட்டினி சார் பய" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தார். "இங்க பாருப்பா. ஊரு கண்ணை மூடிக்கிச்சு. இனி நீ சொல்றதுதான். அவர் கொடுத்தாருன்னு சொன்னியானா கேஸ் ரெண்டு பேர் மேலயும் வரும், ஒனக்குத் தண்டனையும் கொறையும். பறிச்சேன்னு சொன்னியானா நீ மட்டும் உள்ள போவ. கொடுத்தாரா, பறிச்சியா?"

பெஞ்சிலிருந்து அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "உண்மையைச் சொல்லுப்பா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

தம்பி அவரைப் பார்க்கவில்லை. "பறிச்சேன்னே எழுதிக்கோங்க" என்றான்.

"ஏலே, யோசிச்சுச் சொல்லு. பொண்டாட்டி இருக்கா, காடு கெடக்கு" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"யோசிச்சுத்தான்யா சொல்றேன். அவுக கையால எனக்கு எதுவுமே வந்ததில்ல. இந்த ஒரு தடவை வந்துச்சுன்னு என் வாயால நான் சொல்ல மாட்டேன்."

போலீசிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் செல்லாது. கோர்ட்டில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம், எல்லோரும் மாற்றித்தான் சொல்வார்கள். இதைச் சப் இன்ஸ்பெக்டரே அவனிடம் எடுத்துச் சொன்னார். அவன் கோர்ட்டிலும் அதையே சொன்னான். மதுரை ஜெயிலுக்குப் போனான். துப்பாக்கியை அரசாங்கத்துக்குச் சேர்க்கும்படி மாஜிஸ்திரேட் தீர்ப்பின் கடைசி வரியில் எழுதினார். விற்பதா வைத்துக்கொள்வதா என்று இத்தனை வருஷம் ஊரையே கேட்ட கேள்விக்கு முடிவெழுத மாஜிஸ்திரேட்டுக்குப் பேனா மூடியைத் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு பங்குனிப் பொங்கலில் வேட்டு கிடையாது. பரிவட்டம் மட்டும் வருஷம் தவறாமல் மூத்தவர் தலையில் ஏறியது. பாவத்துக்கு அவர் படாதபாடு பட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நன்றாகத்தான் இருந்தார். மண்டியை இடித்துப் பெரிதாகக் கட்டினார்.

அன்று ஸ்டேஷனில், தம்பி சொன்னதை ரைட்டர் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினார். உள்ளே கூட்டிப்போனார்கள். சப் இன்ஸ்பெக்டர் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். அந்த வார்த்தை எங்காவது ஒரு இடத்தில் தைத்திருக்க வேண்டுமே என்று தேடினோம்.

"பாத்தீங்களா சார், அவனே சொல்லிட்டான்" என்றார் அவர். "நான் ஒரு வார்த்தை சொல்லல."

பிறகு எழுந்துபோய், தரையில் கிடந்த பொட்டலத்தை எடுத்துவந்து பெஞ்சில் வைத்துப் பிரித்தார். இட்லி ஆறிப்போயிருந்தது. சட்னி இலையில் ஒழுகாமல் விரலால் வழித்து வழித்து நிதானமாகச் சாப்பிட்டார். இலையை மடித்து வெளியே போட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஏட்டிடம் கேட்டார்.